காரணம்: தனிப்பட்டது

முதலில் பெயர். பிறகு அடையாள அட்டை இலக்கம்.
பிறகு, படிவத்தில் எங்கும் இல்லாத ஒன்றை
நான் கேட்பேன்:
"எவ்விடம்?"

ஊரின் பெயர் சொன்னால் போதாது.
"ஊருக்குள்ளை எவ்விடம்?"
தேர் வந்து திரும்பும் வீதியோ,
தேர் எட்டியும் பாராத ஒழுங்கையோ,
பேனா மூடியைக் கழற்றுவதற்குள்
எனக்குத் தெரிந்துவிடும்.
தெரிந்து என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.
பதினொரு வருடமாக
அதையே என் நல்ல குணமென்று எண்ணியிருந்தேன்.

இந்த மாசியில் கணக்காய்வுக்கு
இடைவிலகியோர் பட்டியல் கேட்டார்கள்.
இரும்பு அலுமாரியிலிருந்து இடாப்புகளை இறக்கினேன்,
பல்லி முட்டைகளோடு.
மின்னிணைப்பு, வெல்டிங், நீர்க்குழாய், தையல்.
கடைசி நிரல்: காரணம்.
என் கையெழுத்தில், நாற்பத்தொரு தடவை:
தனிப்பட்டது.
தனிப்பட்டது.
அலுத்துப்போன இடங்களில் வெறும் "மேற்படி".

திகதி வாரியாக அடுக்கச் சொன்னார்கள்.
என் பழக்கம் விடவில்லை,
எவ்விட வாரியாக அடுக்கிப் பார்த்தேன்.
நாற்பத்தொரு தனிப்பட்ட காரணங்களும்
எட்டு ஒழுங்கைகளுக்குள் அடங்கிப்போயின.

றஸ்மின், ஐந்துசந்தி.
புத்தளத்து முகாமில் பிறந்து
தாய் தகப்பனின் ஊருக்குத் திரும்பி வந்தவன்.
செய்முறைப் பரீட்சை எப்போதும்
வெள்ளி பன்னிரண்டரைக்கு.
இரண்டு தடவை வரவில்லை. மூன்றாம் தடவை
நான் சிவப்புப் பேனா எடுத்தேன்.

புஷ்பகாந்தி, கிளிநொச்சிக்கும் அங்கால்.
அவள் "சரிங்க" என்னும்போதெல்லாம்
பின்வாங்கு சிரித்தது.
ஆசிரியரும் ஒருநாள் சிரித்தார், சின்னதாக.
வகுப்பு முடிவது நாலே முக்கால்,
அவளுடைய கடைசி பஸ் நாலரை.

கபில்தாஸ். வயர் இழுப்பதில் விரல் அவனுக்கு ஓடும்.
பயிற்சிக்கு ஒரு புதுவீட்டுக்குப் போனான்.
வீட்டுக்காரர் தேத்தண்ணி தரமுதல் கேட்டிருக்கிறார்
என்னுடைய அதே கேள்வியை.
பின்னேரம் கந்தோருக்குப் போன் வந்தது:
"நாளைக்கு வேறை ஆளை அனுப்புங்கோ."
அனுப்பினோம்.

அதிபரிடம் கொண்டுபோனேன்.
"இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்லையே, பிள்ளை.
எல்லாருக்கும் ஒரே படிவந்தானே."
ஓம் சேர். ஒரே படிவம். ஒரே நேரசூசி.
ஒரே வாய், கேட்கிறது.

குழு அமைத்தார்கள். ஏழு பேர்.
ரோல்ஸும் பால் தேத்தண்ணியும்.
குறிப்பெழுதியது நான்.
அந்த ஏழு பேரின் எவ்விடமும்
கேட்காமலே எனக்குத் தெரியும்.
ஆனாலும் பரீட்சை வியாழனுக்கு மாறியது.
அந்தப் புதுவீட்டுக்கு
இனி ஒருவரையும் அனுப்புவதில்லை என்று
வெல்டிங் மாஸ்டர் கையைத் தட்டிச் சொன்னபோது
இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
அதையும் குறிப்பில் எழுதினேன்.

நேற்றுப் புதுப்பிரிவு.
ஒரு பெடியன் பெயர் சொன்னான், இலக்கம் சொன்னான்,
சொல்லிவிட்டுத் தோளை இறுக்கிக்கொண்டு நின்றான்,
ஊசிக்குக் கை நீட்டியவன் போல.
கேள்வி என் நாக்கின் நுனிவரை வந்தது.
கடித்தேன்.
"கடைசி பஸ் எத்தினை மணிக்கு?" என்றேன்.
அதற்கு நிரல் இல்லை.
அடிமட்டம் வைத்து ஒன்று கீறினேன், கோணலாக.

இன்றைக்குத் தொலைபேசி.
நாற்பத்தொன்றில் பத்தொன்பது இலக்கங்கள்
பாவனையில் இல்லை.
ஒரு தாய், மகன் டோகாவில் என்றாள்.
ஒருவன் நான் யாரென்று தெரிந்ததும் வைத்துவிட்டான்.

புஷ்பகாந்தி எடுத்தாள்.
பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல், வரிசை வரிசையாக.
"யாருங்க? காலேஜா?
இப்ப என்ன காரணத்துக்குக் கூப்பிடுறீங்க?"

தனிப்பட்டதில்லை, தங்கச்சி,
என்று தொடங்குகிறேன்.
லைன் விட்டுப்போகிறது.
மறுபடி அழுத்துகிறேன்.