வரம்பின் மேல் கறுப்பு

நான் போனது கைச்சொறிக்கு.
இரவானால் விரலிடுக்கில் நெருப்பு.
கல்முனைக் கிளினிக்கில்
எழுபத்திமூன்றாம் துண்டு எனக்கு.

டொக்டர் யசோதினி
நெருப்புப்பெட்டி அளவு வில்லை ஒன்றை
விளக்கோடு தோலில் ஒட்டிப் பிடித்தா.
'இந்தா இருக்கார்' என்றா,
கடன்காரனைச் சந்தையில் கண்ட மாதிரி.
வளைந்த வெள்ளைக் கோடு, அதன் நுனியில்
கடுகிலும் சின்ன முக்கோணம்:
என்னில் சுரங்கம் வெட்டிக் குடியிருந்த பூச்சி.
வீட்டில் எல்லாரும் பூசுங்கோ, பாயையும் வெயிலில் போடுங்கோ.

எழும்பினேன்.
செருப்புத் தேடிய காலை அவ பார்த்திட்டா.
'உள்ளங்காலில் என்ன?'
'முள்ளுக் குத்தினது, போன மாரிப்போகம்.'
'முள்ளை எடுத்தீங்களா?'
யோசித்தால்,
அந்த முள்ளை நான் கண்டதேயில்லை.

ஜெல் குளிர்ந்தது.
தாதி எழுபத்திநாலைக் கூப்பிட வாயெடுத்து
டொக்டரின் முகம் பார்த்து நிறுத்தினா.

போனில் படம் காட்டினா.
யா அல்லாஹ், என் வயல்!
வரம்பும் வாய்க்காலும், வரம்பும் வாய்க்காலும்,
வரம்பின் நடுவால் வரிசையாக வெள்ளைப் புள்ளி.
வியர்வை வாற வாய்களாம் அவை.
'கறுப்பு பள்ளத்தில் கிடந்தால் அநேகமாப் பயமில்லை ஐயா,
உங்களுக்கு மேட்டில் நிற்குது.'

முப்பது வருஷம் வட்டவிதானை நான்.
தண்ணி வாய்க்காலில் நின்றால் விளைச்சல்
வரம்பேறினால் வழக்கு.
அதுக்கு மேல் அவ சொன்ன எதுவும்
காதில் ஏறவில்லை.

'கண்டின இரத்தமென்றால் சுரண்ட வரும்' என்று
பிளேட்டால் மெல்லச் சுரண்டினா.
வெள்ளைத் தூள் வந்தது.
கறுப்பு வரவில்லை.
விறைப்பூசி போட்டுத் துளி சதை எடுத்தா.
குப்பியில் உதுமாலெவ்வையை
உதுமான் என்று எழுதினான் பொடியன்.
திருத்தச் சொன்னேன். என்னதான் வந்தாலும்
என் பேருக்கே வரட்டும்.
மறுமொழிக்கு மூன்று கிழமை.

'சொறிக்கு என்னவாம்?' என்றா மனிசி.
'எல்லாரும் பூசட்டாம்.'
'காலில் என்ன கட்டு?'
'பழைய முள்ளு.'

தையல் நனையக் கூடாதாம்.
மேல் வரவைக்காரன் வக்கடையை அடைத்திருக்கிறான்,
இறங்கித் திறக்க வழியில்லை.
சம்மாந்துறை வயலில் நடுச்சாமம்,
டோர்ச்சை அடித்தபடி நிற்கிறேன்.
வெளிச்சத்தில் தண்ணி மினுங்குது.
கறுத்துக் கிடப்பதெல்லாம்
வரம்புதான்.