சுக்கின் மூக்கு உயரம்

முதல் தாழ்ப்பாள் கடையில் வாங்கியது,
நீடாமங்கலத்தில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்.
அறுபது ரூபாய். துருவே பிடிக்காது என்றார்.
துருப்பிடிக்க நேரம் ஏது?
மூன்றே நாளில் சுக்கு
மூக்கால் நெம்பித் தூக்கப் பழகிவிட்டது.
நான்காம் நாள் தகட்டு விளிம்பில் மூக்கு கிழிந்து,
கொள்முதல் நிலையத்து லாரிகள்
மூட்டையோடு திரும்பும் வளைவில் நின்று
தன் ரத்தத்தைத் தானே நக்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, கட்டுக்கம்பி.
அதில் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியின் கால் மாட்டி
மலர்க்கொடி எட்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் வீட்டுக்காரர் வாய்க்கால் லஸ்கர்.
பதினோரு ஷட்டர் அவர் கையில்.
சக்கரத்தை இப்படிச் சுற்றினால் மூன்று ஊருக்குத் தண்ணீர்,
அப்படிச் சுற்றினால் மூன்று ஊருக்குக் கோபம்.
தோட்டத்து கேட்டைப் பார்த்தவர்
"சங்கிலியில கட்டிப் போடேன்" என்றார்,
சோற்றைப் பிசைந்தபடி.

கட்டவில்லை. அளந்தேன்.
நின்றால் மூக்கு என் முழங்காலுக்குச் சற்று மேலே.
முன்னங்காலைத் தூக்கி வைத்தால் இடுப்பு.
அதற்கும் நான்கு விரல் மேலே,
வெளிப்பக்கமாக,
புயலில் முறிந்த பூவரசங்கிளையில் ஒரு சாண் கட்டை.
அது ஓட, பிளாஸ்டிக் குழாயில் அறுத்த இரண்டு வளையம்.
இழுத்து விட்டால் தானே திரும்பிப் போய் விழ
சைக்கிள் டியூபில் ஒரு பட்டை.
ஆணி நுனிகளை மடக்கி அடித்தேன்.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்து
என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.
கீழே, தலை நுழையாதபடி மூங்கில் பிளாச்சு.

சுக்கு முகர்ந்தது. நெம்பியது. காலைத் தூக்கி வைத்தது.
பிறகு உட்கார்ந்து
கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தது.

ஐப்பசி அடைமழையில்
கட்டை தண்ணீர் குடித்து உப்பி இறுகிப்போனது.
தூக்குவாளியைப் பல்லில் கடித்து,
சேலையை இழுத்துச் செருகி
கேட்டின் மேல் நான் ஏறியதை
சுக்கு வாலாட்டி ரசித்தது.
நனைந்து வந்த மனுஷர் சொன்னார்:
"ஒரு காசு கனம் விட்டு இழைச்சிருக்கணும்."
எல்லாம் முடிந்த பிறகு சொல்வதில்
அவரை மிஞ்ச ஆளில்லை.
இழைத்தேன்.
ஒரு ரூபாய்க் காசை நுழைத்துப் பார்த்து நிறுத்தினேன்.

ஆனால் சாயங்காலம் ஆனால் ஒரு முனகல்.
பிஸ்கட்டுக்கு அடங்கவில்லை. அதட்டலுக்கும் இல்லை.
மலர்க்கொடிதான், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து,
பேச்சை மறுபடி தொடங்கினாள்:
"அது ஊர் மேயவா போச்சு?
ஒன் ஆளு ஷட்டர் எறக்கிட்டு வர்ற நேரம் அது.
கூட்டியாரப் போச்சுடி."

இப்போது ஐந்தே முக்காலுக்கு
கட்டையை இழுக்கிறேன்.
கழுத்துப்பட்டியில் ஒரு விரல் கோத்து
வளைவு வரை போகிறோம், லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி.
சைக்கிளை விட்டு இறங்கியதும் அவர் கேட்பது ஒன்றுதான்:
"தொறந்து போட்டுட்டா வந்தீங்க?"

நான் பதில் சொல்வதில்லை.
கிளம்பும்போது முதுகுக்குப் பின்னால்
டக் என்று விழுந்ததே,
அதைச் சுக்கும் கேட்டது.
காது ஒரு தரம் திரும்பியது.