சுண்டுவிரல்

ஒரு வாரமாக
ஏ மைனரிலிருந்து எஃப்புக்கு
முழுக் கையையும் தூக்கித் தாவுகிறேன்.
விழுகிற இடம் தினமும் வேறு.
சலோசனி கல்யாணத்தில் எல்லோரும் ஆடிய பாட்டு.
நாலே நாலு கார்டுதான்,
ஆடும்போது தெரியவில்லை.

எட்டு மணிக்குச் சாட்ஸ்வொர்த் இருண்டது.
மின்வெட்டு அட்டவணையைப் பார்க்க மறந்திருந்தேன்.
கீபோர்டு பாதிச் சுரத்தில் செத்தது.
பக்கத்து வீட்டுப் பிரகாசனின் ஜெனரேட்டர் மட்டும்
ஒரே சுருதியில் உறுமிக்கொண்டு.

எழுந்துபோகச் சோம்பல்.
ஊமைக் கட்டைகளின் மேல் கை அப்படியே.
அப்போதுதான் சுண்டுவிரல்
தானாக ஒரு கட்டை தள்ளி உட்கார்ந்தது.
மற்ற இரண்டும் அசையவில்லை.
அசையவே வேண்டியதில்லை.

அட, இவ்வளவுதானா.

சத்தமில்லாமல் முப்பது தடவை வாசித்தேன்,
டக், டக்.
பத்தரைக்கு முதலில் ஃபிரிட்ஜ் முனகியது.
தப்பாயிருந்தால்?
ஒலியளவை
ஒன்றில் வைத்தேன்.