உதட்டுச்சாயக் கணக்கு

செவ்வாய், வெள்ளி இரவுகளில்
இஷா தொழுகை முடிந்து கால்மணி நேரம் கழித்து
அரிசி ஆலையின் பின்முற்றத்தில்
விளக்கைப் போடுகிறான் ஹெந்திரிவால்.
பாயகும்புவில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது.
நனைந்த உமி புளித்து மணக்கிறது.

நாங்கள் ஐந்து பேர்.
பைக் மெக்கானிக் ஹெந்திரிவால்,
வங்கிக் காசாளர்கள் இருவர்,
வாத்துமுட்டை விற்கும் தெஸ்மவித்தா,
சுகாதார நிலையத்தில் இரவுப்பணி பார்க்கும் நான்.
கறுப்புச் சீருடை விழாவுக்கு.
இங்கே எல்லோருக்கும் பழைய வெள்ளைச் சட்டை.

பயிற்சிக் கத்திக்குக் கூர் கிடையாது.
வெறும் அலுமினியம்.
உட்புற வளைவில் உதட்டுச்சாயம் பூசிக்கொள்வோம்,
சந்தையில் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்
என்று தருகிற செர்ரிச் சிவப்பு.
ஆட்டம் முடிந்ததும் சட்டையை எண்ணினால் தெரியும்
இன்று எத்தனை முறை செத்தோம் என்று.

வளையத்துக்குள் ஆள்காட்டி விரல்.
மடக்கிய கைக்குக் கீழே
சுண்டுவிரல் பக்கம் எட்டிப் பார்க்கும் முனை.
பிறை என்கிறார் ஒரு காசாளர்.
புலிநகம் என்கிறார் இன்னொருவர்.
எனக்கு முதல் நாளே வேறொன்று தோன்றியது.
சொல்லவில்லை.

முன்னே போகிற கை எதையும் அறுப்பதில்லை.
திரும்பி வருகிற கைதான்.
அந்தத் திரும்பலில்தான் நான் தோற்பேன்.
'மரக்கட்டை' என்பான் ஹெந்திரிவால்
என் மணிக்கட்டைத் தட்டி.

தெஸ்மவித்தாவுக்கு அது பிறவியிலேயே இருக்கிறது.
விளக்குக்கு எதிரே முட்டையை உருட்டிப் பார்க்கிற விரல்கள்.
புலியடியில் தாழ்ந்து வருவாள்,
தொட்டதே தெரியாது.
குனிந்து பார்த்தால்
கக்கம் சிவந்திருக்கும்,
முழங்கை மடிப்பு சிவந்திருக்கும்.
அந்த மடிப்பில்தான்
தினமும் இருபது பேருக்கு நான் நரம்பு தேடுகிறேன்.

போன வெள்ளி.
கத்தி யாரையும் ஒன்றும் செய்யவில்லை.
ஈர உமியில் கால் வழுக்கி
ஆலையின் தகரக் கதவோரம்
முன்கையை இழுத்துக்கொண்டு விழுந்தான் ஹெந்திரிவால்.
இழுத்துக்கொண்டு.
சொல்லிக்கொடுத்த மாதிரியே.

தெஸ்மவித்தா பைக் ஓட்ட,
நடுவில் அவன், பின்னால் நான்,
என் தலைத்துணி அவன் கையைச் சுற்றி.
டாக்டர் பாடாங் போயிருந்தார்.
குழல்விளக்கின் கீழே
அவன் உடம்பெல்லாம் சிவப்பு.
எது சாயம், எது ரத்தம்?
உப்புநீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.
எட்டுக் கோடுகள் போயின.
அதில் மூன்று நான் போட்டவை.
ஒன்று மட்டும்
துடைக்கத் துடைக்கத் திரும்பி வந்தது.

மரப்பு ஊசி போட்டுக் காத்திருந்து
தையல் ஊசியைப் பிரித்தேன்.
வளைந்த ஊசி.
முதல் நாள் எனக்குத் தோன்றியது இதுதான்.
தோலில் செங்குத்தாய் இறக்கி
மணிக்கட்டைத் திருப்பினால்
ஊசி தன் வழியைத் தானே போய்
அக்கரையில் எழும்.
ஒன்று. முடிச்சு. இரண்டு.
ஏழாவதில் அவன் கேட்டான்:
'இங்கே மட்டும் எப்படித் திரும்புகிறது?'
நூலை வெட்டினேன்.
கையை ஈரப்படாமல் வைத்துக்கொள் என்றேன்.

இன்று செவ்வாய்.
தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறான்,
தொட்டில்கட்டில் கை,
வாய் மட்டும் ஓயவில்லை.
தெஸ்மவித்தா உள்ளே வருகிறாள்.
விலகினேன், அவள் கையைப் பிடித்தேன்,
முழங்கை மடிப்பு எதிரே திறந்து கிடக்கிறது.
நீல நரம்பு.
நல்ல நரம்பு.

'என்ன கனவு?' என்று சிரிக்கிறாள்.
'போடு. பொய்யாட்டம் ஆடாதே.'

இழுத்தேன்.
மணிக்கட்டு திரும்பியது.
மூட்டையிலிருந்து சத்தமே இல்லை.

வீட்டுக்கு வந்து சட்டையை ஊறவைத்தேன்.
அவனுடைய ரத்தம்
வெள்ளியன்றே பச்சைத் தண்ணீரில் போய்விட்டது.
உதட்டுச்சாயம்தான் போவேனா என்கிறது.
சோப்பு, எலுமிச்சை, மறுபடி சோப்பு.
விலா ஓரத்தில் இன்னும் இருக்கிறது
நாலு வாரத்துக்கு முன்
தெஸ்மவித்தா என்னைக் கொன்ற இடம்.