எரியுமா

மிளகாய்த்தூளைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினேன்.
கப்பலில் வந்த கொத்தமல்லி,
நேட்டால் கரும்புக்காட்டு அடுப்பு,
அளவு, வறுபதம், எல்லாம்.
சாக்ரன் ஓர் அட்டையில்
"மாமியார் வாயடைப்பான்" என்று கிறுக்கி
டர்பன் சந்தை வாசலில் சாய்த்து வைத்தான்.
மதியத்துக்குள் மூட்டை காலி.
என் புத்தகம்
தராசு ஆடாமலிருக்க அவன் கொடுத்த முட்டு.

அவனுக்குக் காய்ச்சல் கண்ட சனிக்கிழமை
கல்லாவில் நான்.
கோழியும் கையுமாக வந்தவள்
பொட்டலத்தை முகர்ந்து கேட்டாள்:
"எரியுமா?"
ஆயிரத்து எண்ணூற்று அறுபதிலிருந்து தொடங்கினேன்.
அவளுக்கு பஸ் வந்துவிட்டது.

அடுத்தவளும் அதையே கேட்டாள்.
"எரியும்."
இரண்டு கொடு என்றாள்.

இரவு, தராசைத் தூக்கிப் புத்தகத்தை உருவிப்
புரட்டிப் பார்த்தேன்.
அந்தச் சொல் எங்கேயும் இல்லை.
சாக்ரனிடம் இன்னும் சொல்லவில்லை.