பதினோராம் பாடம்

தண்டர் பே நகரத்தில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினேன்.
இங்கே மசத்லானில் அதைச் சொல்லப் போனால்
'பஸ் ஓட்டுகிறேன்' என்றுதான் வருகிறது.
எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில்
நிகழ்காலம் மட்டுமே.
இறால் விற்கும் எதெல்வினா தினமும் கேட்கிறாள்,
இன்றைக்கு லீவா?
லீவுதான் என்கிறேன்.
அவள் கணக்கில் எட்டு மாதமாக
வேலைக்கு மட்டம் போடும் டிரைவர் நான்.

மோரீன் ஒழுங்காகப் படிக்கிறாள்.
ஃபிரிஜ் கதவு முழுக்க வினைச்சொற்களை ஒட்டியிருக்கிறாள்.
இறந்தகாலம் பதினோராம் பாடத்தில் வருகிறதாம்.
நான் நாலாவதில் இறங்கிவிட்டேன்.
பசி, விலை, நன்றி, நாளைக்கு வா.
இதற்கு மேல் என்ன வேண்டும்?

போதும் என்றுதானே வந்தோம்.
பனிக்குள்ளிருந்து காரைத் தோண்டி எடுத்தது போதும்.
அங்கே ஒற்றை அறைக்குப் பற்றாத பென்ஷனில்
இங்கே மொட்டை மாடியோடு வீடு,
இரண்டு தெரு தள்ளிக் கடல்.
உப்புக்காற்று ஆறு மாதத்துக்கு ஒரு பூட்டைத் தின்கிறது,
தின்னட்டும்.
நிமோனியா என்று பெயர் வைத்த கதவில்லாத டாக்ஸியில்
சட்டை படபடக்கப் போகிறோம்.
யாரோ ஓட்ட, நான் பின்சீட்டில்.
வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைச் சாலையில்
கனடாக்காரர்கள் கூடி முழங்கால் ஆபரேஷன் பேசுகையில்
அடிமாட்டு விலைக்கு அடித்துவிட்டாயே என்று
தோளில் தட்டுவார் வின்னிபெக் ஆர்டன்.
எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

தண்ணீர் நின்றால் ருத்திலியோவைக் கூப்பிடு
என்றிருந்தார் தரகர்.
வந்தான். ஐம்பது வயதிருக்கும்.
வால்வு எங்கே என்று நான் காட்டுவதற்குள்
படிக்கட்டுக்கு அடியில் கையை விட்டுத் திருகினான்.
சமையலறைக்குள் நுழையும்போது தலையைக் குனிந்தான்.
அந்த வாசலுக்கு ஏழடி உயரம்.
அவன் என் தோளுக்குத்தான் வருவான்.

வெளியே போகும்போதும் குனிந்தான்.

தொட்டியைக் கழுவிவிட்டு இறங்கியவன்
எங்கள் படுக்கையறை ஜன்னலைக் காட்டி
'நஸீ அக்கீ' என்றான்.
கரையானுக்குப் பெயர் போலிருக்கிறது என்று
மருந்து அடிக்க வேண்டுமா எனக் கேட்டேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
வேண்டாம்.
இருநூறு பேசோ வாங்கிக்கொண்டான்.
வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்றான்.
அது புரிந்தது. அது நிகழ்காலம்.

இரவு மோரீன் புத்தகத்தைப் புரட்டிப்
பதினோராம் பாடத்தில் விரலை வைத்தாள்.
நஸீ: பிறந்தேன்.

பிறந்தேன் என்பதும் இறந்தகாலம்தான்.
எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

சாவி கொடுத்த அன்று தரகர் சொன்னார்,
உங்களைப் போல உயரமானவர்களுக்காக
நிலைகளை எல்லாம் இடித்து உயர்த்திவிட்டோம்.
நன்றி சொன்னேன். முதல் பாடம்.

அன்றிரவு கட்டிலை ஜன்னலிலிருந்து
ஒரு சாண் தள்ளிப் போட்டேன்.
ஏன் என்று மோரீன் கேட்கவில்லை.
காலையில் பழையபடி இழுத்துவிட்டேன்.
மின்விசிறிக் காற்று படவில்லை.

புனித வாரம். ஊரெல்லாம் கூட்டம், குழாயில் வெறும் காற்று.
ருத்திலியோ மறுபடி வந்தான், குனிந்தான்.
ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.
அவன் செருப்பின் அடி என் முகத்துக்கு நேரே.
வாரம் முழுக்க ஒரு வாக்கியத்தை வாயில் போட்டு மென்றிருந்தேன்.
கையில் இருப்பது ஒரே ஒரு காலம்.
அதை வைத்துச் சொன்னேன்:
ருத்திலியோ, நீ இங்கே பிறக்கிறாய்.

சிரிக்கவில்லை. திருத்தவும் இல்லை.
விரல் முட்டியால் தொட்டியைத் தட்டினான்,
காதை வைத்துக் கேட்டான்.
பாதி, என்றான்.