பிழை பார்த்தவள்

அன்று பேர்கனில் வெயில் அடித்ததாக
அச்சகத்தில் எல்லோரும் சொல்வார்கள்.
பொய். அன்றும் மழைதான்.
கூரை ஒழுகி, பெரிய எழுத்துகளின் பெட்டிக்குள்
சொட்டுச் சொட்டாய் விழுந்துகொண்டிருந்தது.

நான் குட்னி. பிழை பார்ப்பவள்.
வாரம் பன்னிரண்டு பக்கம், சிரிப்புப் பத்திரிகை.
சிரிக்கச் சம்பளம் இல்லை,
கால்புள்ளிக்குத்தான்.

தூர்லைஃப் இரண்டு படம் தந்திருந்தார்.
ஒன்று குதிரைச் சந்தை:
கிழட்டுப் பெட்டைக் குதிரையின் உதட்டைத் தூக்கி
தரகன் காட்டுகிறான். கீழே வரவேண்டியது:
"வயது கொஞ்சம் ஆகிவிட்டது. ஆனால்
பல்லெல்லாம் சொந்தம். உதைக்கவும் மாட்டாள்."
மற்றது ஒரு வரவேற்பறை:
கட்டிக்கொள்ளப் போகிறவளை
மகன் தாய்முன் நிறுத்தியிருக்கிறான்.
தாய் கைக்கண்ணாடியைத் துப்பாக்கிபோல் நீட்டுகிறாள்.
"அம்மா, இனி இவள் நம்மோடுதான்.
உங்கள் பக்கத்து அறையைக் கொடுத்துவிடலாமா?"

செதுக்குபவன் மரக்கட்டையில்
திருப்பிச் செதுக்க மறந்திருந்தான்.
தரகன், மகன், தாய், எல்லோருக்கும் இடது கைப் பழக்கம்.
அதையும் பார்த்தேன்.
அதைத் திருத்த என்னிடம் குறியீடு இல்லை.

அச்சுக் கோர்க்கும் அன்ஃபின்
ஈய எழுத்துகளைத் தலைகீழாய் வாசித்து வாசித்து
நேராய் இருப்பதையெல்லாம் சந்தேகப்படுகிறவன்.
இரண்டு வரிகளையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டான்.

ஈர மையோடு தாள் என் கைக்கு வந்தது.
பார்த்தேன். பேனாவை எடுத்தேன்.
பக்கத்து அறை என்றதும் குதிரை
கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்தது.
சிரித்துவிட்டேன்.
பதினொரு வருடத்தில் முதல் தடவை, சத்தமாக.

அந்த நேரம் பார்த்து வாசலில் தூர்லைஃப்,
கோபன்ஹேகனில் வாங்கிய புதுத் தொப்பியோடு.
என்னைப் பார்த்தார்.
மெல்லத் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார்.
போய்விட்டார்.
கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.
வாய் நிறையக் குதிரை.

பேனாவை மூடினேன்.
திருத்தாமல் அனுப்பினேன்.

சனிக்கிழமை ஊரே குலுங்கியது.
மீன் சுற்றிய தாளைப் பிரித்து
நனைந்த பாதியை வாசித்தவர்களும் சிரித்தார்கள்.
போதகரின் மனைவி சந்தாவை நிறுத்தினாள்,
பிறகு ஆள் அனுப்பி மூன்று பிரதி வாங்கினாள்.
"இதுதான் கலை!" என்று ஆசிரியர் கோனோவ்
முதுகில் தட்டத் தட்ட
விளக்கெண்ணெய் குடித்தவர்போல் நின்றார் தூர்லைஃப்.
தன் நகைச்சுவை செத்துப்போனதற்கு
தனக்கே மாலை விழுகிறது.

அடுத்த வாரம் எல்லாம் சரியாக வந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அதற்கடுத்த வாரமும்.

ஓர் இரவு இரண்டு புட்டி பீரோடு போய்
"இன்னொரு தடவை தப்புச் செய்யேன்" என்று
அன்ஃபினிடம் கெஞ்சினாராம்.
அவனும் மூன்று நாள் முயன்றான்.
வேண்டுமென்று தப்புச் செய்யக் கை ஒப்பவில்லை.
குளித்துத் தலைசீவிக் கோயிலுக்குப் போகும்
பிள்ளைகள்போல் வரிகள் ஒவ்வொன்றும்
தன் தன் படத்தின் கீழே போய் நின்றன.

பிழை தன்னுடையது என்று அன்ஃபின் நினைக்கிறான்.
கோனோவ் அதைக் கலை என்கிறார்.
நான் பேனாவை மூடிய சத்தம்
மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

தொப்பி மட்டும் திரும்ப வரவில்லை.
குளிர்காலம் முழுக்க வெறுந்தலையோடு நனைந்தார்.
தும்மலை வைத்தே
படிக்கட்டில் அவர் எங்கே வருகிறார் என்று சொல்லிவிடலாம்.
"அன்று நான் சிரித்தது குதிரையைப் பார்த்து"
என்று ஆரம்பிக்க நினைப்பேன்.
எந்த மனுஷனிடம் அப்படி ஆரம்பிப்பது?

மார்ச்சில் ஒரு படம் வந்தது.
மேசையில் ஒரு பெண், மூக்குக்கண்ணாடி,
கையில் பேனா, வாயெல்லாம் சிரிப்பு.
வாசலில் ஒரு தொப்பி நிற்கிறது,
அதற்குக் கீழே ஆள் இல்லை.
படத்துக்குக் கீழே வரியும் இல்லை.

பேனா அவள் இடது கையில் இருந்தது.

செதுக்குபவன் மறுபடி மறந்தானா,
இல்லை, இத்தனை வருடத்தில்
ஒருவராவது கவனித்திருந்தாரா?

கேட்கவில்லை.
ஓரத்தில் 'சரி' என்று எழுதினேன்.
எழுதிய கையே மேலே உரசி
எப்போதும்போல் மை இழுபட்டது.